கிரீனுக்குக் குளிர்காலப் போர்வை: காற்று புகும் துணியா, தண்ணீர் புகாத விரிப்பா?

பனி கொட்டும் இடத்தில் கோல்ஃப் மைதானம் பராமரிப்பவர்களுக்குப் பனியை விட ஐஸ்தான் எதிரி. பொலபொலவென்று கிடக்கும் பனி புல்லுக்குக் கம்பளி மாதிரி. நடுக்குளிரில் மழை பெய்து, அந்தத் தண்ணீர் கிரீன் (குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரை) மேலேயே உறைந்தால்தான் ஆபத்து. கிரீனில் வளரும் புல் வகைகளில், ஐஸுக்கு அடியில் பென்ட்கிராஸ் 90 நாளுக்கு மேலும் தாங்கும். போவா அன்னுவா 60 நாளைத் தாண்டுவதே கஷ்டம்.

எங்கள் கிரீன்களில் போவாதான் அதிகம். அதனால் துணியை விட்டுவிட்டுத் தண்ணீர் புகாத விரிப்புக்கு மாறினோம். துணி மோசமில்லை. காற்று அடிக்கும் மேட்டு கிரீன்களில் புல் காய்ந்து சாவதைத் தடுக்கும், வசந்தத்தில் பச்சையும் சீக்கிரம் வரும், எடுத்து மடிக்கவும் லேசு. ஆனால் உருகிய தண்ணீர் அதன் வழியே இறங்கிப் புல்லின் அடியில் மறுபடி உறைந்துவிடும், எங்களுக்கு இருந்த தொல்லையே அதுதான்.

தண்ணீர் புகாத விரிப்பில் ஐஸ் மேலேயே கட்டிக்கொள்ளும். சரி, காற்று? முடிவெடுக்க வேண்டியது இதை வைத்துத்தான். விரிப்புக்குக் கீழே புல்லும் மண்ணின் நுண்ணுயிர்களும் மூச்சு விட்டுக்கொண்டே இருப்பதால் ஆக்சிஜன் குறைந்து கார்பன் டை ஆக்சைடு சேரும், மக்கும் பொருள் அதிகமுள்ள கிரீனில் இது இன்னும் வேகமாக நடக்கும். முதல் வருடம் ஓரங்களை இறுக்கிக் கட்டியதோடு விட்டுவிட்டோம். வசந்தத்தில் விரிப்பைத் தூக்கியதும் குப்பென்று புளித்த நாற்றம், நடுவில் புல் வைக்கோல் நிறத்தில் கிடந்தது. அடுத்த வருடம் துளையிட்ட குழாய்களை அடியில் ஓடவிட்டு, ஊதுகருவி வைத்து அவ்வப்போது காற்றை மாற்றினோம். நாற்றமும் இல்லை, புல்லும் பிழைத்தது. இந்த வேலைக்கு ஆள் இல்லையென்றால் இந்த விரிப்பை வாங்கவே வேண்டாம். மேட்டுப் பக்க ஓரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள், அங்கே தண்ணீர் நுழைந்தால் போட்ட காசு வீண்.

பனிப்பூஞ்சைக்கு (குளிர்காலத்தில் பனிக்கு அடியில் புல்லைத் தாக்கும் பூஞ்சை நோய்) மருந்து அடிப்பது இரண்டுக்கும் பொது, விரிப்பதற்கு முன்பே அடித்துவிட வேண்டும்.

இதெல்லாம் இரண்டு குளிர்கால அனுபவம்தான். விரிப்பு எத்தனை வருடம் உழைக்கும் என்று இப்போதே சொல்ல முடியாது. பென்ட்கிராஸ் மட்டுமே உள்ள கிரீன் என்றால் இவ்வளவு பாடு எதற்கு என்றுதான் தோன்றுகிறது.

அப்புறம், நாலு நாள் வெயில் அடித்ததும் விரிப்பை எடுத்து அடுக்கிவிடாதீர்கள். அந்தச் சூட்டில் புல் தண்ணீரை இழுத்துக்கொள்ளும், அதற்குப் பின் ஒரே ஒரு கடும் குளிர் இரவு வந்தாலும் செத்துவிடும். எடுத்தாலும் கிரீன் ஓரத்திலேயே சுருட்டி வையுங்கள்.