டீசல் குடிக்கும் கெப்: நொசிலைக் கழற்றுவதா, சில்லைத் தூக்கிப் பார்ப்பதா?

டபுள் கெப் டீசல் கூடக் குடிக்கிறது என்று மட்டக்களப்புப் பக்கம் எந்தக் கராஜில் சொன்னாலும் முதலில் வரும் பதில் "நொசில் வேலை செய்யணும்" என்பதுதான், அதாவது எஞ்சினுக்குள் டீசலைத் தூவும் முனையைக் கழற்றிச் சரிசெய்வது. என்னுடையது காமன் ரெயில் (கணினி கட்டுப்பாட்டில் டீசல் தூவும் முறை) வருவதற்கு முந்திய 2.8 லீற்றர் எஞ்சின். லீற்றருக்குப் பத்துக் கிலோமீற்றர் ஓடிய வண்டி எட்டுக்குக் கீழே இறங்கியபோது எனக்கும் அதையே சொன்னார்கள். நான் நொசிலைத் தொடாமல், பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறதா என்று சில்லுப் பக்கம் போனேன். இப்போது ஒன்பதரையில் நிற்கிறது. ஆகவே சில்லுக்குச் சாய்ந்துதான் எழுதுகிறேன்.

எயார் பில்டர், டயர் காற்று, டீசல் குழாய்களில் ஒழுக்கு, கிளட்ச் நழுவுகிறதா என்பதெல்லாம் எந்த வழியில் போனாலும் முதலில் பார்க்க வேண்டியவை. அவற்றை விட்டுவிடுகிறேன். கணக்கு மட்டும் சரியாக இருக்க வேண்டும். ஒரே நிலையத்தில் டாங்கியை நிரப்பி, மட்டக்களப்பிலிருந்து கல்முனை போய்வருவது போல ஒரு தட்டையான பாதையில் ஓடி, அதே இடத்தில் மறுபடி நிரப்பிப் பாருங்கள். டாஷ்போர்ட் முள்ளை வைத்து முடிவெடுக்க வேண்டாம். டயர் மாற்றியிருந்தால் இன்னொன்றும் உண்டு. 205ஆர்16 இருந்த இடத்தில் 265/70ஆர்16 போட்டால் விட்டம் ஏறத்தாழ 74 சென்ரிமீற்றரிலிருந்து 78க்குப் போகும். அப்போது மீற்றர் 100 காட்டும்போது வண்டி உண்மையில் 105 ஓடியிருக்கும். அகல டயரின் உராய்வும் சேரும்தான், ஆனாலும் "குறைந்துவிட்டது" என்பதில் ஒரு பங்கு மீற்றரின் கணக்கு.

இரண்டு வழிகளையும் பிரிக்கும் கோடாக நான் வைத்திருப்பது புகை. பாரத்தோடு ஏறும்போது கறுப்புப் புகை தள்ளினால் டீசல் முழுதாக எரியவில்லை. காற்றுப் போதவில்லை, அல்லது நொசில் தூவாமல் சொட்டுகிறது, அல்லது யாரோ இழுவை வேண்டி டீசல் பம்பின் திருகைக் கூட்டியிருக்கிறார்கள். சூடான பிறகும் வெள்ளைப் புகை நின்றால் பம்ப் டைமிங் (டீசல் தூவும் நேரம்), கொம்பிரசன் (சிலிண்டருக்குள் காற்று அமுங்கும் அழுத்தம்) பக்கம் பார்க்க வேண்டும். நீலம் என்றால் ஒயில் எரிகிறது. ஆனால் புகையே இல்லை, இழுவையும் பெரிதாகக் குறையவில்லை, டீசல் மட்டும் போகிறது என்றால் எஞ்சின் எரித்துத் தந்த பலத்தை வேறு ஏதோ ஒன்று, பெரும்பாலும் விடாத பிரேக், பிடித்து வைத்திருக்கிறது.

கறுப்புப் புகை தள்ளும் வண்டிக்கு நொசில் வேலை நல்ல வேலை, அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. அழுத்தம் பார்த்து, தூவலைக் கண்ணால் பார்த்து, வொஷர் புதிதாகப் போட்டுப் பூட்ட வேண்டும். பம்பையும் கழற்றினால் சோதனை பெஞ்சில் வைத்து அளவு சரிபார்க்கும் கலிபிரேசன், பிறகு டைமிங் என்று வண்டி நாட்கணக்கில் நின்றுவிடும். அறுவடை நேரத்தில் அந்த நாட்களின் விலை கூலியை விடப் பெரியது.

சில்லு வழியை நான் இவ்வளவு பிடித்துப் பேசுவதற்கு நம் பகுதியே காரணம். மாரியில் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரை வீதிகளில் வெள்ளத்துக்குள் இறங்கி ஏறாத கெப் உண்டா? சேறு பின் பிரேக்கின் ட்ரம்முக்குள் போய்க் காய்ந்து கிடக்கும். வாழைச்சேனைத் துறைமுகத்தில் மீன் ஏற்றும் வண்டிகளில் ஐஸ் கரைந்த உப்புத் தண்ணீர் நேரே ஹேண்ட் பிரேக் கேபிளில் சொட்டும். கரையோரத்தில் நிற்கும் வண்டிக்கு உப்புக்காற்றே போதும். இதனால் முன் பிரேக்கை அழுத்தும் கலிப்பர் பிஸ்டன் இறுகும். பின் ட்ரம்முக்கு வெளியே கேபிள் பிடிக்கும் நெம்பின் ரப்பர் உறை கிழிந்து, உள்ளே சேறு போய், நெம்பு முழுதாகத் திரும்பாமல் நிற்கும். பிரேக் லைனர் ட்ரம்மை லேசாகத் தடவிக்கொண்டே இருக்கும். சத்தம் வராது, வண்டி ஒரு பக்கம் இழுக்கவும் இழுக்காது. டீசல் மட்டும் போய்க்கொண்டிருக்கும்.

கண்டுபிடிப்பது எளிது. கொஞ்ச தூரம் ஓடி, கடைசியில் பிரேக்கை மிதிக்காமல் கியரில் வேகம் குறைத்து நிறுத்துங்கள். ஒவ்வொரு சில்லின் நடுவிலும் சில துளி தண்ணீர் விடுங்கள். ஒன்றில் மட்டும் சீறினால் அதுதான். பிறகு மற்றச் சில்லுகளுக்குக் கட்டை வைத்து, நியூட்ரலில் ஜக் ஏற்றி, ஹேண்ட் பிரேக்கை விட்டுவிட்டு அந்தச் சில்லைக் கையால் சுற்றுங்கள். இறுக்கமாக இருந்தால் பிரேக் ஒயிலை வெளியே விடும் பிளீடர் நட்டைக் கொஞ்சம் தளர்த்துங்கள். உடனே சில்லு விட்டுக்கொடுத்தால் பிரேக் ஒயில் அழுத்தம் திரும்பிப் போகாமல் நிற்கிறது என்று அர்த்தம். பழைய பிரேக் ஹோஸ் உள்ளுக்குள் வீங்கியிருக்கலாம், மாஸ்டர் சிலிண்டராகவும் இருக்கலாம். விட்டுக்கொடுக்காவிட்டால் பிஸ்டனோ நெம்போ இறுகியிருக்கிறது, அல்லது பெயாரிங். என் வண்டியில் பின் இடது நெம்பும் முன் ஹோஸ் ஒன்றும் அகப்பட்டன. நெம்பைக் கழற்றிக் கழுவி, கிரீஸ் போட்டு, புது உறை மாட்டி, ஹோஸை மாற்றினோம். நொசில் வேலைக்குக் கேட்ட தொகையில் சிறு பங்குதான் செலவு.

பராமரிப்பிலும் சில்லு வழியே எனக்குப் பிடிக்கிறது. மாரி வெள்ளம் வற்றியதும் ட்ரம் இரண்டையும் திறந்து கழுவிவிட்டால் அந்த வருடத்துக்குக் கவலை குறைவு, ஊர் மெக்கானிக்கே செய்வார். பெஞ்ச் உள்ள இடம் தேடி அலையத் தேவையில்லை. பிரேக்கும் சரியாகிறது, அதை டீசல் கணக்கில் சேர்க்க முடியாது. நாலு சில்லு இழுவை உள்ள வண்டியென்றால் வயலிலிருந்து ஏறியதும் முன் ஹப்பை "லொக்"கிலிருந்து "ஃப்ரீ"க்குத் திருப்பிவிடுங்கள்.

புகையில்லாத வண்டியிலும் எஞ்சின் பக்கம் ஒரு காரணம் இருக்கக்கூடும்: சூடு ஏறுகிறது என்று தேர்மோஸ்டாட்டை (எஞ்சின் சூட்டைச் சீராக வைக்கும் வால்வு) கழற்றி விட்ட வண்டிகள். எஞ்சின் தேவையான சூட்டுக்கு வராமல் டீசல் கூடப் போகும். டெம்பரேச்சர் முள் எப்போதும் கீழேயே கிடந்தால் அதைப் பாருங்கள்.

காமன் ரெயில் வண்டி நான் வைத்து ஓடியதில்லை. அதில் இன்ஜெக்டரிலிருந்து (நொசில் இருக்கும் பாகம்) திரும்பி வரும் டீசலின் அளவு, சென்சர் எல்லாம் ஸ்கானர் வைத்துத்தான் பார்க்க வேண்டும், மேலே சொன்ன புகைக் கோட்டை அதற்கு அப்படியே பொருத்தச் சொல்லமாட்டேன். ஆனால் ஸ்கானருக்குக் காசு கட்டுவதற்கு முன் நாலு சில்லிலும் தண்ணீர் விட்டுப் பார்ப்பது அந்த வண்டிக்கும் பொருந்தும்.