கடல்தொட்டியா, கொப்பரையா?

இஸ்ரவேலின் ராஜா சாலொமோன் எருசலேமில் கட்டிய ஆலயத்தில் கழுவுவதற்கென்றே இரண்டு வகை வெண்கலப் பாத்திரங்கள் இருந்தன: கடல்தொட்டி என்னும் ஒரே பெரிய தொட்டி, கொப்பரை என்னும் சிறிய பாத்திரங்கள். ஒன்று போதாதா என்று வேதாகமம் வாசிப்பவர்கள் குழம்புவதுண்டு.

கொள்ளளவு: கடல்தொட்டி 2,000 குடம் (வேதாகமத்தின் இன்னொரு புத்தகமான நாளாகமத்தில் 3,000). கொப்பரை ஒவ்வொன்றும் 40 குடம், மொத்தம் 10.

வேலை: தொட்டி ஆசாரியர்கள் (பலி செலுத்தும் ஆலய குருக்கள்) தங்களைக் கழுவிக்கொள்ள. கொப்பரைகள் தகனபலிக்கானவற்றை (பலிபீடத்தில் எரிக்கும் பலிக்கு உரியவற்றை) அலச.

நகர்த்த: தொட்டி 12 வெண்கல மாடுகளின் முதுகில், அசையாது. கொப்பரைகளைத் தாங்கும் ஆதாரங்களுக்கு நான்கு நான்கு சக்கரம். ஆனால் 40 குடம் என்றால் ஏறக்குறைய 880 லிட்டர். நிரப்பியபின் யார் தள்ளுவது? காலியாக நகர்த்தினால்தான் உண்டு.

செலவு: இரண்டுக்கும் கணக்கில்லை. வெண்கலம் அவ்வளவு மிகுதி, எடையே பார்க்கவில்லையாம்.

நீடிப்பு: தொட்டியின் தடிமன் நாலு விரற்கடை. அப்படியும் பின்னாளில் யூதாவை ஆண்ட ஆகாஸ் ராஜா அதை மாடுகளிலிருந்து இறக்கிக் கல்தளத்தில் வைத்தான். கொப்பரைகளையும் ஆதாரங்களிலிருந்து எடுத்துவிட்டான். மிச்சத்தைப் பாபிலோனியர் உடைத்து அள்ளிப் போனார்கள்.

சரி, எது எதற்கு? ஆசாரியர் கூட்டம் நாள்தோறும் கைகால் கழுவ, தொட்டிதான். பலியின் இரத்தமும் கொழுப்பும் படிந்ததை அலச, கொப்பரை. அந்த அழுக்கைத் தொட்டியில் கலந்தால் 2,000 குடமும் வீண்.