பேடிலா, ஃபோகஸ் மிட்டா?

ஃபோகஸ் மிட் என்பது கோச் கையில் மாட்டிக்கொண்டு குத்துகளை வாங்கும் மெத்தை உறை. அதைப் பிடித்துப் பழகிய கோச்கள் சிலருக்குக் குத்துச்சண்டைப் பேடில் மேல் ஒரு இளக்காரம் உண்டு. மெத்தென்ற தட்டைத் தலை, கீழே ஒரு கைப்பிடி. பார்த்தால் விளையாட்டுச் சாமான் மாதிரித்தான் இருக்கும். ஆனால் பயிற்சியில் இரண்டுக்கும் வேலை வேறு.

முதலில் பலம். இதில் மிட்தான், பேச்சே இல்லை. குத்து நேராக உள்ளங்கையில் விழுகிறது. வரும் குத்தைக் கோச் மிட்டை லேசாக முன்னே கொடுத்து எதிர்கொள்ளலாம். அதனால் கிராஸ் (பின் கையின் நேர்க் குத்து), ஹூக் (பக்கவாட்டில் வளைந்து வரும் குத்து), அப்பர்கட் (கீழிருந்து மேலே வரும் குத்து) எல்லாவற்றையும் அழுத்தி விடலாம். அதற்கான விலையைக் கோச்சின் தோளும் முழங்கையும் கொடுக்கின்றன.

பேடிலில் அடி விழும் இடம் பிடித்த கையிலிருந்து தள்ளி இருக்கிறது. ஓங்கிக் குத்தினால் கைப்பிடி நெம்புகோலாகி மணிக்கட்டைத் திருகும். அதனால் கோச் பிடியைத் தளர்த்தியே வைத்திருப்பார், பேடில் பின்வாங்கிவிடும். தடுக்க எதுவும் இல்லாமல் முழு வேகத்தில் போகும் கை, முழங்கையில் வெடுக்கென்று நீண்டு வலி கொடுக்கும். பேடிலில் தொட்டுவிட்டுக் கையை உடனே இழுப்பதுதான் பாடம். குத்தின் கனத்தையே இன்னும் உணராத புதியவருக்கு இதை முதலில் கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

சரி, பேடில் எங்கே ஜெயிக்கிறது? தற்காப்பில். மிட்டோடு ஒரு ஹூக்கை வீசிக் காட்டக் கோச் நெருங்கி வர வேண்டும். கனத்தால் கையும் மந்தமாகும். பேடில் எடை குறைவு, எட்டும் தூரம் அதிகம். தள்ளி நின்றபடியே ஜாப் (முன் கையின் நேர்க் குத்து) மாதிரி நீட்டலாம், ஹூக் மாதிரி சுழற்றலாம், ஆள் குனியவும் விலகவும் கற்றுக்கொள்வார். கார்டு, அதாவது முகத்தைக் காக்கும் கைகள், கீழே இறங்கினால் கன்னத்தில் ஒரு தட்டு. திட்டுவதைவிட அது சீக்கிரம் புரியும்.

இன்னொன்றும் உண்டு. மனப்பாடமான காம்பினேஷன்களை (தொடர் குத்துகளை) மிட்டில் மடமடவென்று அடிப்பது பார்க்க அழகு, ஆனால் அதில் கண்ணுக்கு வேலை குறைவு. பேடிலைத் தொடைக்குப் பின்னால் மறைத்து, சட்டென்று ஒரு நொடி காட்டி இழுத்துவிடலாம். பார்த்தால்தான் குத்த முடியும். மிட்டிலும் இதைச் செய்யலாம், அவ்வளவு வேகம் வராது.

ஆபத்தும் அங்கேயேதான். விளிம்பு கண்ணில் பட்டால் காயம், அதனால் தட்டைப் பக்கத்தால் மட்டும் வீச வேண்டும். வாங்கும்போது விளிம்புத் தையலையும், உள்ளே இருக்கும் கடினமான சட்டம் வெளியே துருத்துகிறதா என்பதையும் விரலால் தடவிப் பாருங்கள். விலகிக் குனியும் பயிற்சி மட்டும்தான் வேண்டுமென்றால், நீச்சல் குளத்தில் மிதக்கும் நுரைக் குழாயே போதும்.

போட்டிக்குத் தயாராகிறவருக்கு நான் சொல்லும் வரிசை: கண்ணும் காலும் புத்துணர்ச்சியோடு இருக்கும்போது ஓரிரு ரவுண்டு பேடில், அப்புறம் மிட். களைத்த பிறகு பேடில் பிடித்தால் தலை நகராது, முகத்தில் அடி வாங்குவதுதான் நடக்கும்.