ஏரிப் படகில் 12 வோல்ட் பேட்டரி: பல மழைக்காலம் ஓட்டிப் பார்த்த அனுபவம்

ஏரியில் மீன் பிடிக்கிறவர்களுக்கு எதற்கு ஃபிஷ் ஃபைண்டர் என்று கேட்பவர்கள் உண்டு. தண்ணீருக்குள் ஒலி அனுப்பி, அடியில் இருப்பதைத் திரையில் காட்டும் கருவி அது. கடலுக்குப் போகிறவர்கள் மீன் கூட்டத்தைத் தேட அதை வைத்திருக்கிறார்கள். எங்களுக்கு வேண்டியது ஏரியின் அடித்தரை. ஆற்காடு, காவேரிப்பாக்கம் பக்கத்து ஏரிகளில் தண்ணீர் இல்லாத காலத்தில் கருவேலம் முளைத்து மரமாகிவிடும். வெட்டினாலும் அடிக்கட்டை நிற்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஏரி நிரம்பியதும் அது கண்ணுக்குத் தெரியாது, விட்ட வலையைக் கிழித்துவிடும். கட்டை எங்கே, மதகுப் பள்ளம் எங்கே, வண்டல் மேடு எங்கே என்று திரையில் பார்த்து வலை விட்டால் கட்லா, ரோகு கிடைக்கிறதோ இல்லையோ, வலை முழுசாகத் திரும்பி வரும். அப்படித்தான் எங்கள் ஃபைபர் படகில் அந்தக் கருவியும், ஒரு எல்.ஈ.டி ஃபோகஸ் லைட்டும், மொபைல் சார்ஜரும் ஏறின.

கருவியால் இதுவரை பெரிய தொல்லை இல்லை. தொல்லை எல்லாம் அதற்குப் போகிற கரண்டில்தான். இத்தனை மழைக்காலம் பார்த்ததில் எனக்கு உறுதியான ஒன்று: “பேட்டரி போச்சு” என்று சொல்லப்படும் கோளாறுகளில் பெரும்பாலானவற்றில் பேட்டரி நன்றாகத்தான் இருக்கிறது. பேட்டரிக்கும் கருவிக்கும் நடுவில்தான் ஏதோ ஒன்று போயிருக்கும்.

கூட வரும் தம்பி ஒருவன் லைட் போட்டதும் திரை அணைந்து திரும்ப எரிவதைப் பார்த்து, “அண்ணா, பேட்டரி அவுட்டுணா, வேற வாங்கிடலாம்” என்றான். மருந்து தெளிக்கும் ஸ்பிரேயரில் வருகிற 12 வோல்ட், 8 ஆம்பியர் ஹவர் பேட்டரி அது. எங்கள் பக்கம் எந்தக் கடையிலும் கிடைக்கும் என்பதால் முதலில் அதைத்தான் வைத்திருந்தோம். மல்டிமீட்டர் வைத்தால் 12.6 வோல்ட். நல்ல பேட்டரிதானே என்று தோன்றும். எந்தச் சுமையும் இல்லாமல் எடுக்கிற அந்த அளவு பாதி உண்மைதான். லைட்டையும் கருவியையும் ஓடவிட்டு, கருவியின் பிளக் பக்கம் மீட்டரை வைக்க வேண்டும். அங்கே 10 வோல்ட்டுக்கும் கீழே காட்டியது. அதே நேரம் பேட்டரி முனையில் 12 வோல்ட் நின்றது. நடுவில் இரண்டு வோல்ட் எங்கே போனது?

கணக்கு எளிது. அப்போது லைட்டுக்கும் கருவிக்கும் ஒரே ஒயர்தான். 0.75 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர் கனம்) ஒயர் ஒரு மீட்டருக்கு ஏறத்தாழ 0.024 ஓம் தடை கொடுக்கும். படகின் பின்பக்கம் பேட்டரி, முன்பக்கம் லைட் என்றால் போக ஐந்து மீட்டர், வர ஐந்து மீட்டர். 50 வாட் லைட் நாலு ஆம்பியருக்கு மேல் இழுக்கும். ஒயரிலேயே ஒரு வோல்ட் போய்விடுகிறது. மீதி ஒரு வோல்ட்டைத் தின்றது ஃபியூஸ் ஹோல்டர். திறந்து பார்த்தால் உள்ளே பச்சைக் களிம்பு. நம்மூரில் உப்புக் காற்று இல்லையே, துரு எப்படி என்று நினைக்க வேண்டாம். ஈரமும் வெயிலும் மாறி மாறி இருந்தாலே செம்பு பச்சை பிடிக்கும். அந்தப் பச்சை இன்சுலேஷனுக்கு உள்ளேயும் ஒரு சாண் வரை ஓடியிருக்கும். பளபளப்பான செம்பு வரும்வரை வெட்டிவிட்டுத்தான் புதிதாக லக் (ஒயர் நுனியில் இறுக்கும் உலோக முனை) போட வேண்டும். மேலே டேப் சுற்றி மூடினால் ஈரம் உள்ளேயே தங்கிவிடும். சூடு காட்டினால் சுருங்குகிற ஸ்லீவ், உள்ளே பசை உள்ளதாக, வாங்கிப் போடுங்கள்.

கோளாறு எந்த இடத்தில் என்று கண்டுபிடிக்க, எல்லாம் ஓடும்போது மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி பாசிட்டிவிலும், மறு முனையைக் கருவியின் பாசிட்டிவிலும் வையுங்கள். வழியில் வீணாகிற வோல்ட் நேராகத் தெரியும். 0.3-க்குள் இருந்தால் சரி. அதிகம் என்றால் சுவிட்ச், ஃபியூஸ், இணைப்பு என்று ஒவ்வொன்றாக முனையை நகர்த்திக்கொண்டே வாருங்கள், எங்கே குதிக்கிறதோ அதுதான் இடம். நெகட்டிவ் பக்கமும் இதே மாதிரி பார்க்க வேண்டும், அதை நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள்.

இப்போது எங்கள் படகில் லைட்டுக்கு 2.5 ஸ்கொயர், கருவிக்குத் தனியாக 1.5 ஸ்கொயர், இரண்டும் பேட்டரியிலிருந்தே பிரிகின்றன. வீட்டு வயரிங்கில் போடும் ஒற்றைக் கம்பி ஒயர் படகில் ஆகாது, ஆட்டத்தில் உள்ளுக்குள் முறிந்துவிடும். பல இழை ஒயர்தான் வேண்டும். தனி ஒயர் போட்டதில் இன்னொரு நன்மை: லைட் எரியும்போது திரையில் மழை மாதிரி விழுந்த புள்ளிகள் குறைந்தன. மீதிப் புள்ளிகள் விலை குறைந்த மொபைல் சார்ஜரின் வேலை. அதைப் பிடுங்கியதும் திரை சுத்தமானது.

ஃபியூஸ் பற்றிக் கொஞ்சம் கோபமாகவே சொல்கிறேன். எரிந்த ஃபியூஸுக்குப் பதிலாக சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுருட்டி வைப்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். சின்ன பேட்டரிகூட ஷார்ட் ஆனால் நூறு ஆம்பியருக்கு மேல் தள்ளும். ஒயர் பழுத்து ஃபைபர் பற்றிக்கொண்டால் நடு ஏரியில் எங்கே ஓடுவது? கருவியோடு வந்த அளவிலேயே ஃபியூஸ் போடுங்கள், அதையும் பேட்டரியை ஒட்டியே போடுங்கள்.

பேட்டரி உண்மையிலேயே போயிருக்கிறதா என்று பார்க்க எனக்குப் பிடித்த வழி, கார் ஹெட்லைட் பல்பு. 55 வாட் இழை நாலரை ஆம்பியர் இழுக்கும். சார்ஜ் ஏற்றி ஆறவிட்ட 8 ஆம்பியர் ஹவர் பேட்டரியில் மாட்டினால், நல்லது சில நிமிடம் 11.5-க்கு மேலேயே நிற்கும். சத்துப் போனது மளமளவென்று 11-க்குக் கீழே இறங்கும்.

அந்த ஸ்பிரேயர் பேட்டரி கடைசியில் வெயிலில்தான் வீணானது. வேலூர்ப் பக்கத்துச் சித்திரை வெயில் உங்களுக்குத் தெரியும். ஈய அமில பேட்டரிக்கு வெப்பம் 10 டிகிரி கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது பொதுவான கணக்கு. மூடிய கறுப்புப் பெட்டியில் வைத்தால் கேட்கவே வேண்டாம். வெள்ளைப் பெட்டி, காற்று போக ஓட்டை, நிழல் மூன்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் 12 ஆம்பியர் ஹவர் லித்தியம் இரும்பு பாஸ்பேட்டுக்கு மாறினோம். அதே அளவு ஈய பேட்டரியின் பாதி எடைகூட இல்லை. கரையிலிருந்து படகுவரை சேற்றில் தூக்கி நடப்பவருக்கு அது பெரிய விஷயம். வோல்ட் கடைசிவரை 13-ஐ ஒட்டியே நிற்பதால் திரை மங்குவதில்லை. ஆனால் அதுவே குறையும்கூட: மீட்டரை வைத்து எவ்வளவு மிச்சம் என்று சொல்ல முடியாது. தீரும்போது உள்ளே இருக்கும் பாதுகாப்புச் சுற்று பட்டென்று வெட்டிவிடும். அப்போது மீட்டர் பூஜ்யம் காட்டினால் செத்துவிட்டது என்று தூக்கிப் போடாதீர்கள். லித்தியத்துக்கான சார்ஜரில் மாட்டினால் பெரும்பாலும் எழுந்துவிடும். சில சார்ஜர்கள் பூஜ்யத்தைக் கண்டால் ஏற்றவே தொடங்காது, வாங்கும்போதே கடையில் கேட்டுக்கொள்ளுங்கள். ஈய பேட்டரியின் பழைய சார்ஜரை இதற்கு மாட்ட வேண்டாம்.

ஏரி வற்றி படகைக் கரையில் கவிழ்த்த பிறகு பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் வைத்துவிடுவோம். லித்தியம் என்றால் பாதி சார்ஜில் வைத்தால் போதும். ஈய பேட்டரி என்றால் முழுசாக ஏற்றி வைத்து, மாதம் ஒருமுறை திரும்ப ஏற்ற வேண்டும். காலியாக விட்டால் தகட்டில் சல்ஃபேட் படிந்து, அடுத்த மழைக்கு எடுக்கும்போது எவ்வளவு ஏற்றினாலும் நிற்காது.