பீச் ஸ்டேஷனிலிருந்து பாரிமுனை வரை: அம்மாவோடு ஒரு நடை, ஒரு பிளேட் அத்தோ

வயசானவர்களைக் கூட்டிக்கொண்டு காற்று வாங்கப் போக வடசென்னையில் நல்ல இடம் எது என்று கேட்டால் நான் ராஜாஜி சாலையைத்தான் சொல்வேன். பழைய பேர் ஃபர்ஸ்ட் லைன் பீச். கடல் கண்ணுக்குத் தெரியாது. ஆனாலும் நாலு வருஷமாக மாசம் ஒருமுறையாவது தண்டையார்பேட்டையிலிருந்து பஸ் ஏறி வந்து அங்கே எங்க அம்மாவோடு நடக்கிறேன். பீச் ஸ்டேஷன் எதிரில் இறங்கி, மேற்குப் பக்க நடைபாதையிலேயே பாரிமுனை வரை போய், அப்படியே செகண்ட் லைன் பீச் தெருவுக்குள் திரும்பி, பர்மா நூடுல்ஸான அத்தோ சாப்பிட்டுவிட்டு வீடு திரும்புவோம். சும்மா ஒரு கிலோமீட்டருக்குப் பக்கம்தான். முட்டி வலி உள்ளவர்களுக்கு முக்கால் மணி நேரம் பிடிக்கும்.

ஞாயிற்றுக்கிழமை நாலரை மணிக்கு மேல் போங்கள். மேற்குப் பக்க நடைபாதை என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. அந்த வரிசைக் கட்டடங்கள் எல்லாம் கடலைப் பார்த்து, கிழக்கு நோக்கிக் கட்டியவை. வெயில் சாயச் சாய அவற்றின் நிழல் நடைபாதையில் விழுந்துவிடும். எதிரே துறைமுகத்துப் பக்கமிருந்து காற்று வரும். உப்பும் டீசலும் கலந்த வாசனை. மெரினா காற்றில் சுண்டல் வாசனை இருக்கும், இதில் வேலை வாசனை இருக்கும். எனக்கு இதுதான் பிடிக்கும்.

நடக்கும்போது அண்ணாந்து பாருங்கள். கலெக்டர் ஆபீஸுக்குச் சிங்காரவேலர் மாளிகை என்று பேர். 1923-ல் இந்தியாவிலேயே முதல் மே தினத்தை இந்த ஊர்க் கடற்கரையில் கொண்டாடியவர் அவர். ஜி.பி.ஓ. என்கிற தலைமைத் தபால் நிலையக் கட்டடம் 1884-ல் திறந்தது, கட்டடக் கலைஞர் சிஸ்ஹோம் வடிவமைத்தது. அந்தச் செங்கல் சிவப்பு சாயங்கால வெளிச்சத்தில் காவிக்கும் ரோஜாவுக்கும் நடுவில் ஒரு நிறத்துக்கு மாறும், அதைப் பார்க்கவே ஐந்து நிமிஷம் நிற்கலாம். அப்புறம் ஸ்டேட் பாங்க், கடைசியில் முனையில் 1940-ல் எழுந்த, பாரி கம்பெனியின் டேர் ஹவுஸ். இதையெல்லாம் படம் எடுக்க வருகிறவர்கள் உண்டு. நாங்கள் போவது வேற காரணத்துக்கு.

அம்மா 1964-ல் எட்டு வயசில் ரங்கூனிலிருந்து கப்பலில் வந்தவர். ராணுவ ஆட்சி கடைகளை எல்லாம் அரசுடைமை ஆக்கியதும் தாத்தா கையில் இருந்ததை விட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார். ஜி.பி.ஓ.வைத் தாண்டியதும் அம்மா நின்று, சாலைக்கு அந்தப் பக்கம் பர்மா பஜார் கடைகளுக்குப் பின்னால் தெரிகிற கிரேன்களைக் காட்டுவார். "இந்தச் செவுத்துக்கு அந்தாண்டதான்டா எறங்குனோம். ராத்திரி பூரா கப்பல் வெளியவே நின்னுச்சு. ஒரு வெளக்கு மட்டும் சுத்திச் சுத்தி வந்துச்சு. அதான் மெட்ராஸ்னு எங்கப்பா சொன்னாரு." ஒவ்வொரு முறையும் சொல்வார், ஒவ்வொரு முறையும் கேட்பேன். அந்த விளக்கு ஹைகோர்ட் கோபுரத்தின் உச்சியில் இருந்தது. 1894 முதல் 1977 வரை அதுதான் இந்த ஊரின் கலங்கரை விளக்கம். பாரிமுனையில் நின்றால் அந்தக் கோபுரம் இன்றைக்கும் தெரிகிறது.

துறைமுகம் வருவதற்கு முன் கப்பல்கள் நடுக்கடலில் நிற்குமாம், மசூலா படகில்தான் ஆளும் சரக்கும் அலையைத் தாண்டிக் கரைக்கு வருமாம். சுவர் எழும்பிய பிறகு தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகலமானது. வடக்கே எங்க ராயபுரம், காசிமேடு பக்கமெல்லாம் கடல் கரையை அரித்து, கடைசியில் கருங்கல் கொட்டித் தடுக்க வேண்டியதாயிற்று. உட்கார மணல் இல்லாத ஊராக நாங்கள் ஆனது அப்படித்தான். அதனால்தான் இந்த ஒரு கிலோமீட்டர் நடைபாதை ஒழுங்காக இருக்க வேண்டும் என்று எனக்கு அவ்வளவு ஆசை.

இனி அத்தோ. செகண்ட் லைன் பீச்சில் சாயங்காலம் ஆனதும் வரிசையாகத் தள்ளுவண்டிகள் வரும். நாங்கள் போவது பெயர்ப்பலகை இல்லாத ஒரு வண்டிக்கு. கடைக்காரர் அம்மாவைப் பார்த்ததுமே பிளாஸ்டிக் ஸ்டூலைத் துடைத்து நகர்த்திப் போடுவார். "வாங்கம்மா. காரம் கம்மிதானே?" என்று கேட்டுவிட்டுத்தான் வேலையை ஆரம்பிப்பார். பட்டையான மஞ்சள் நூடுல்ஸ் ஒரு பிடி, மெல்லிசாகச் சீவிய முட்டைக்கோஸும் வெங்காயமும், மொறுமொறுவென்று பொரித்த பேஜோவை உள்ளங்கையில் நொறுக்கி ஒரு தூவல், வறுத்த மிளகாய்த்தூள், உப்பு, புளித்தண்ணீர், மேலே பூண்டு வறுத்த எண்ணெய். அதை விரலால் தூக்கித் தூக்கிப் பிசைகிறதில்தான் விஷயமே இருக்கிறது. அழுத்திப் பிசைந்தால் நூடுல்ஸ் குழைந்துவிடும், லேசாகப் பிசைந்தால் புளி ஒரு பக்கம் நின்றுவிடும். இவர் கை பதமான கை. அம்மா முதல் வாய் போட்டுக்கொண்டு தலையை ஆட்டினால் கடைக்காரர் முகத்தில் வருகிற சந்தோஷத்தைப் பார்க்க வேண்டும்.

கூடவே வாழைத்தண்டு போட்ட சூப், மிளகு தூக்கலாக. முட்டை மசாலாவும் கண்டிப்பாக வாங்குங்கள். அவித்த முட்டையை நடுவில் கீறி, வறுத்த வெங்காயத்தை அடைத்து, புளித்தண்ணீரும் எண்ணெயும் விட்டுத் தருவார்கள். அதை ஒரே வாயில் போட்டுக்கொள்ள வேண்டும், கடித்தால் சட்டையில் வழியும். மொய்ங்கா என்கிற நூடுல்ஸ் சூப் இங்கே சுமார்தான். பர்மாவில் அதை மீன் போட்டுச் செய்வார்கள், இங்கே மீன் கிடையாது. அம்மாவுக்கு அந்தக் குறை தீரவே இல்லை. இன்னொரு வண்டியில் ஒருமுறை சாப்பிட்டபோது எண்ணெய் காறல் அடித்தது. அதனால் பூண்டு எண்ணெயை மோந்து பார்த்துவிட்டு ஆர்டர் கொடுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். இரண்டு பேரும் வயிறாரச் சாப்பிட்டால் 300 ரூபாய்க்குள் முடிந்துவிடும்.

குறைகளும் சொல்லத்தான் வேண்டும். வழி முழுக்க உட்கார ஒரு பெஞ்ச் கிடையாது. நான் மடக்கு ஸ்டூல் ஒன்றைத் தோள்பையில் கொண்டுபோகிறேன். நடைபாதையில் பைக்குகளை ஏற்றி நிறுத்திவிடுகிறார்கள், அந்த இடங்களில் அம்மாவைச் சாலையில் இறக்கிக் கூட்டிப்போகும்போது எனக்கு உயிரே போய்விடும். சுத்தமான கழிப்பறை கண்ணில் பட்டதில்லை, வீட்டிலேயே போய்விட்டுக் கிளம்புங்கள். பாரிமுனை சப்வேயில் படிகள் அதிகம். முட்டி வலி இருந்தால் அந்தப் பக்கம் கடக்காமல் இப்படியே திரும்பிவிடுவது நல்லது.

தூக்கு கொண்டுபோனால் சூப்பை ஊற்றித் தருவார்கள். போன முறை பக்கத்து வீட்டு அக்கா ஒன்று கொடுத்தனுப்பினார். பஸ்ஸில் அம்மா அதை மடியில் வைத்து, சூடு சுடாமல் முந்தானையைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு வந்தார். கல்மண்டபம் வரும்போது மூடியைத் திறந்து ஒரு மடக்கு குடித்துவிட்டார்.