மெஷினுக்கு மேலே எது: சுவர்த்தட்டா, ஸ்டாண்டா, கேபினட்டா?

துணி துவைக்கும் இடம் மூன்றடிக்கு மூன்றடி என்றால் தரை முழுக்க மெஷினுக்கே போய்விடும். சோப்புத்தூள், லிக்விட் கேன், கிளிப் டப்பா எல்லாம் மேலேதான் ஏற வேண்டும். அதற்கு மூன்று வழி: சுவரில் அடிக்கும் திறந்த தட்டு, மெஷினின் இருபுறமும் கால் ஊன்றி நிற்கும் ஸ்டாண்ட், கதவு போட்ட கேபினட். பார்வைக்குக் கேபினட், அவசரத்துக்கு ஸ்டாண்ட். அதில் சர்ச்சையே இல்லை. ஆனால் நாலைந்து வருஷம் நிம்மதியாக ஓட வேண்டுமென்றால் என் ஓட்டு சுவர்த்தட்டுக்குத்தான்.

காரணம் மெஷினுக்குப் பின்னால் இருக்கிறது. தண்ணீர்க் குழாய் மெஷினில் சேரும் இடத்தில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு சின்ன வலை உண்டு. மணலும் உப்புப் படிவும் அதில் அடைத்தால் தண்ணீர் நூலாக இறங்கும். மெஷின் பிழைக் குறியீடு காட்டி நிற்கும். பலரும் மோட்டார் போய்விட்டது என்றே பயப்படுவார்கள். வேலை பத்து நிமிஷம்தான். பிளக்கைப் பிடுங்கி, குழாயை மூடி, ஹோஸின் மரையைக் கையால் கழற்றுங்கள். வலையின் நடுவிலுள்ள காதைக் குறடால் பிடித்து நேராக இழுத்து, பழைய பல்துலக்கியால் தேய்த்துவிட்டுப் பொருத்துங்கள். உப்பு வெள்ளையாகப் படிந்திருந்தால் அரை மணி நேரம் வினிகரில் ஊறட்டும். திரும்ப மாட்டும்போது ரப்பர் வாஷர் இருக்கிறதா என்று பாருங்கள். அது விழுந்துவிட்டால் எவ்வளவு முறுக்கினாலும் சொட்டும்.

இதைச் செய்ய மெஷினை முன்னால் இழுக்க வேண்டும், குழாய் கைக்கு எட்ட வேண்டும். கேபினட் அடிக்கும்போது பெரும்பாலும் குழாயும் உள்ளே போய்விடுகிறது. எட்டாத குழாயைத் துவைத்து முடித்ததும் யாரும் மூடமாட்டார்கள். ஹோஸ் இரவும் பகலும் அழுத்தத்தில் இருக்கும். வெடித்தால் வீடே குளம். போதாததற்கு ஈரக் காற்று உள்ளேயே அடைந்து தூள் கட்டிதட்டும், பலகையின் ஓரம் உப்பும். கேபினட்தான் வேண்டும் என்றால் குழாய்க்கு நேரே பலகையை வெட்டிவிடுங்கள், மேலும் கீழும் காற்றுத் துளை விடுங்கள்.

ஸ்டாண்டில் முதலில் பார்க்க வேண்டியது உள் அகலம். மெஷின் 60 செ.மீ. என்றால் குறைந்தது 64 செ.மீ. வேண்டும். அதிர்வில் கால் உரசக்கூடாது. முன்பக்கம் கீழே குறுக்குக் கம்பி இருந்தால் வாங்காதீர்கள், மெஷின் வெளியே வராது. தண்ணீர் வடியச் சரிவு வைத்த தரையில் ஸ்டாண்ட் சாயும். காலின் பிளாஸ்டிக் மூடி தேய்ந்ததும் குழலுக்குள் தண்ணீர் ஏறி உள்ளிருந்து துருப்பிடிக்கும். உயரமான ஸ்டாண்டைச் சுவரோடு சேர்த்துத் திருகாமல் விடுவதும் ஆபத்து. திருக ஆரம்பித்தால், துளை போட வேண்டாம் என்று ஸ்டாண்ட் வாங்கியதற்கே அர்த்தமில்லை.

சுவர்த்தட்டில் தவறு நடப்பது துளையில்தான். டைல், அதன் கீழ் பூச்சு இரண்டும் சேர்ந்து 25 மி.மீ.க்கு மேல் போகும். அவை பாரம் தாங்காது. ஸ்க்ரூவைப் பிடிக்கத் துளைக்குள் செருகும் 40 மி.மீ. பிளாஸ்டிக் பிளக் முழுவதும் செங்கல்லுக்குள் இருக்க வேண்டும் என்றால் துளை 70 மி.மீ. ஆழமாவது போகணும், ஸ்க்ரூவும் அந்த நீளத்துக்கே. டைல் மேல் டேப் ஒட்டி, டைலைத் தாண்டும்வரை டிரில்லை ஹாமர் மோடில் போடாமல் ஓட்டுங்கள், இல்லாவிட்டால் விரிசல் நிச்சயம். குழாய்க்கு நேர் மேலேயும் நேர் பக்கவாட்டிலும் 15 செ.மீ. பட்டையைத் தொடாதீர்கள், சுவருக்குள் பைப் பெரும்பாலும் அந்தக் கோட்டில்தான் போகும். ஜிப்சம் சுவர் என்றால் இந்தக் கணக்கு செல்லாது, உள்ளே இருக்கும் சட்டத்தைத் தேடித்தான் திருக வேண்டும்.

தட்டு 25 செ.மீ. அகலம் போதும். அதற்கு மேல் போனால் குனிந்து துணி எடுக்கும்போது தலையில் இடிக்கும். முன்கதவு மெஷினுக்கு முதல் தட்டைத் தரையிலிருந்து 130 செ.மீ.யில் வைக்கலாம். மேல்மூடி மெஷின் என்றால் மூடியை முழுசாகத் திறந்து, அதன் உச்சிக்கு மேல் 5 செ.மீ. விட்டுக் குறியுங்கள். தட்டின் முன் ஓரத்தில் 2 செ.மீ. விளிம்பு இல்லாவிட்டால் பிழியும் சுற்றில் டப்பாக்கள் நகர்ந்து நகர்ந்து விழும். கனமான கேன் கீழ்த்தட்டில், பிராக்கெட்டுக்கு நேர் மேலே. ப்ளீச் இருக்கும் தட்டில் கழிப்பறை ஆசிட் வேண்டாம். இரண்டும் கசிந்து கலந்தால் குளோரின் வாயு கிளம்பும்.

சுவரைத் தொடக்கூடாத வாடகை வீட்டில் மட்டும் ஸ்டாண்டுக்கு மாற்று சொல்ல முடியாது. அப்போதும் உயரம் குறைந்ததாகப் பார்த்து, கேனைத் தரையிலேயே வைத்துவிடுங்கள்.