புரோட்டீன் டேட்டா பேங்க்: காசநோய்க் கிருமியின் சமிக்ஞை நொதியை நேரில் காட்டும் இலவசச் சேவை

காசநோய்க் கிருமி தன் சூழலை உணர்ந்து அதற்கேற்ப நடந்துகொள்ள உதவும் செரின்-திரியோனின் கைனேஸ் நொதிகள் (மற்றப் புரதங்களில் பாஸ்பேட்டைச் சேர்த்துச் செய்தி கடத்துபவை) மொத்தம் 11. அவற்றுள் பிகேஎன்பி (PknB) என்ற நொதி இல்லாமல் அந்தக் கிருமியால் வளரவே இயலாது என்பதால், புதிய மருந்து தேடுவோர் பல ஆண்டுகளாக அதைக் குறிவைத்து உழைத்து வருகிறார்கள். அந்த நொதியைப் படிக்கும் எவரும் முதலில் நாட வேண்டிய இடம், புரதங்களின் முப்பரிமாண வடிவங்களைச் சேமித்து வைத்து, 1971 முதல் இயங்கிவரும் புரோட்டீன் டேட்டா பேங்க் என்ற தரவுக் களஞ்சியம் என்பது என் உறுதியான கருத்து.

பணம் கட்ட வேண்டியதில்லை; கணக்குத் தொடங்கவும் தேவையில்லை. 1ஓ6ஒய் (1O6Y) என்ற குறியீட்டைத் தேடினால், 2003இல் வெளியான பிகேஎன்பியின் வடிவம் திரைக்கு வருகிறது. முப்பரிமாணக் காட்சியில் அதைத் திருப்பிப் பார்த்தால், நொதியின் இரு மடல்களுக்கு நடுவே உள்ள பிளவில், செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபியைப் போலவே அமைந்த ஒரு மூலக்கூறு கச்சிதமாகப் பொருந்தியிருப்பது தெரியும். ஏடிபியிலிருந்து பாஸ்பேட்டைப் பிரித்து மற்றப் புரதங்களில் சேர்க்கும் வேலை அங்கேதான் நடக்கிறது. பிறகு 2எஃப்யூஎம் (2FUM) என்ற பதிவைத் திறந்தால், அதே பிளவை மைட்டோசான்ட்ரோன் என்னும் புற்றுநோய் மருந்து அடைத்துக்கொண்டிருக்கும். ஒப்பிடும் கருவியில் மனித கைனேஸ் ஒன்றையும் சேர்த்துப் பார்ப்பவருக்கு, நம் உடலின் நொதிகளைத் தொடாமல் கிருமியின் நொதியை மட்டும் தடுப்பது எவ்வளவு கடினம் என்பது விளங்கிவிடும்.

ஒவ்வொரு பதிவிலும் சிவப்பிலிருந்து நீலம் வரை நீளும் தர அளவுப் பட்டைகள் உண்டு. குறி நீலத்தின் பக்கம் நகர நகரத் தரம் கூடுதல். அவற்றுள் ஒன்று, 1963இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரனும் உடன் பணியாற்றியவர்களும் வகுத்த, புரதச் சங்கிலி எந்தக் கோணங்களில் மடங்கலாம் என்று காட்டும் வரைபடத்தை அடிப்படையாகக் கொண்டது. வடிவத்தை நம்பி வேலையைத் தொடங்கும் முன் அந்தப் பட்டைகளைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

குறை ஒன்று உண்டு. பிகேஎன்பி 626 அமினோ அமிலங்கள் கொண்ட புரதம். மேலே சொன்ன பதிவுகளில் இருப்பதோ செல்லுக்குள் உள்ள கைனேஸ் பகுதி மட்டுமே. செல்சுவரின் துணுக்குகளை உணரும் வெளிப்பகுதி தனிப் பதிவுகளில் கிடக்கிறது. அதனால் வெளியே உணர்ந்த செய்தி சவ்வைக் கடந்து எப்படி உள்ளே சேர்கிறது என்பதை இவற்றில் காண முடியாது. புதிதாக வருபவர் இதையே முழு நொதி என்று எண்ணிவிடாதபடி, பக்கத்தின் உச்சியிலேயே தெளிவாகச் சொல்லியிருக்கலாம். முழு நீள வடிவம் வேண்டுவோருக்கு ஆல்ஃபாஃபோல்டு என்ற செயற்கை நுண்ணறிவு மென்பொருளின் கணிப்பும் இதே தளத்தில் கிடைக்கிறது. ஆனால் அது சோதனையில் கண்டறிந்ததன்று என்பதால், நம்பகத்தன்மையைக் காட்டும் நிறங்களைப் பார்த்தே பயன்படுத்த வேண்டும். உயிர்வேதியியல், மருந்தியல் முதுகலை மாணவர்களுக்கு முழு மனதோடு பரிந்துரைக்கிறேன். பள்ளி மாணவர்கள் இதன் கல்விப் பிரிவான பிடிபி-101இல் தொடங்குவது நல்லது.